முல்லைக்குத் தம்பி

ஜூன் 5

முல்லையின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கவரை நன்றாக ஒட்டித்தான் முல்லையின் பையில் வைத்திருக்கிறேன். ஓரம் பிரிந்திருந்தால் தபால்காரியைக் கொஞ்சம் விசாரியுங்கள்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் ‘சாப்பிட்டாச்சா’ என்பதிலேயே சண்டை வந்துவிடுகிறது. எழுதும்போதுதான் இருவரும் கொஞ்சம் மனிதர்களாக இருக்கிறோம்.

சனிக்கிழமை உங்கள் வீட்டு வாசற்படி ஏறுவதற்குள் அவளே சொல்லியிருப்பாள். அவளுக்குத் தம்பி பிறந்திருக்கிறான். நல்ல எடை, அதைவிட நல்ல தொண்டை. மாடி வீட்டுக்காரர் படியில் பார்க்கும்போதெல்லாம் “குழந்தை சௌக்கியமா?” என்று கேட்கிறார். அவர் கண்ணைப் பார்த்தால் அவருக்குத்தான் சௌக்கியம் இல்லை என்று தெரிகிறது. முல்லை இப்போதைக்கு அவனுக்கு ‘அழுமூஞ்சி’ என்று பெயர் வைத்திருக்கிறாள். விட்டால் அதுவே நிலைத்துவிடும். இந்த மாதம் முடிவதற்குள் பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும்.

அதற்காகத்தான் எழுதுகிறேன். முல்லை என்ற பெயருக்குப் பக்கத்தில் வைத்தால் பொருந்துகிற மாதிரி, பழைய, நல்ல பெயராகக் குழந்தையின் அப்பா தேடிக்கொண்டிருந்தார். மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் இதே வேலை. நேற்று குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே திடீரென்று சொன்னார்: “முல்லைக்குத் தம்பின்னா பாரிதானே? கொடிக்குத் தேரையே குடுத்தவன். இதுக்கா இத்தனை நாள் மண்டைய உடைச்சுக்கிட்டோம்?”

முல்லை கட்டிலில் ஏறிக் குதித்தாள். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அவர்மேல் தப்பில்லை. யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். நமக்கு இரண்டாவது குழந்தை தங்கவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அவனுக்கு நாம் பாரி என்று பெயர் வைத்திருந்தோம் என்றோ, நீங்கள் பெயர்ப்பலகையே செய்துவிட்டீர்கள் என்றோ நான் சொன்னதில்லை. முல்லைக்கும் அப்போது விவரம் தெரியாத வயது.

உங்களைக் கேட்காமல் அந்தப் பெயரைத் தொட எனக்கு மனம் வரவில்லை. வைக்கலாமா? யோசித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
முல்லையின் அம்மா


ஜூன் 7

முல்லையின் அம்மாவுக்கு,

கவர் பிரியாமல் வந்து சேர்ந்தது. ஆனால் தபால்காரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததை நான் பார்த்துவிட்டேன். அடுத்த முறை தடிமனான கவர் வாங்கு.

தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பது சந்தோஷம். மனதாரச் சொல்கிறேன். மாடி வீட்டுக்காரருக்குக் காதில் வைக்கப் பஞ்சு வேண்டுமானால் உங்கள் வீட்டிலேயே மருந்துக்கடை இருக்கிறது.

பெயர் விஷயம். என்னிடம் நீ பெயருக்குப் பஞ்சமே பார்க்க முடியாது. விடிந்தால் யாராவது ஒருவர் வாசலில் மாட்ட ஒரு பெயரோடு வந்து நிற்கிறார். முல்லையோடு சேர்த்துச் சொல்லிப் பார்: முல்லை, செழியன். முல்லை, வளவன். முல்லை, அதியன். எல்லாம் பழைய பெயர்கள், கம்பீரமான பெயர்கள். பித்தளையில் வெட்டினால் கண்ணை எடுக்க முடியாது. பாரியோடு ஏதாவது தொடர்பு வேண்டும் என்றால் கபிலன் இருக்கிறான், அவனுடைய சிநேகிதன். மருந்துக்கடைக்காரருக்கு இவ்வளவு போதாதா?

பாரி மட்டும் வேண்டாம்.

சுருக்கமாகச் சொல்லி நிறுத்தலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் வந்து குழந்தைக்குப் பலகை கேட்டால், பிறந்த பிறகு வாங்க என்று அன்றும் திருப்பி அனுப்புவேன், இன்றும் அனுப்புகிறேன். தொழில் பழகிய நாளிலிருந்து அதுதான் என் வழக்கம். சொந்தப் பிள்ளைக்கு மட்டும் பொறுக்க முடியவில்லை. பையன்தான் என்று நானே முடிவு கட்டி, முல்லையின் பலகையை வெட்டிய அதே அச்சில் வெட்டினேன். முல்லையினுடையது கதவுக்குப் போனது. அவனுடையது இன்னும் என் பட்டறை இழுப்பறையில், துளைபோடும் ஊசிகளுக்குக் கீழே துணி சுற்றிக் கிடக்கிறது.

அவன் போன பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். “சின்ன வயசுதானே, இன்னொண்ணு பெத்துக்கலாம்.” உன் அக்கா சொன்னாள், என் மாமா சொன்னார். ஒருவர்கூட அவனைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. நீயும் அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பலகையை எங்காவது கொண்டு போய் எறியுங்கள் என்றுதான் சொன்னாய்.

அது ஆள் இல்லாமல் சும்மா கிடக்கிற பெயர் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், வேறு பெயர் வை. கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
முல்லையின் அப்பா


ஜூன் 12

முல்லையின் அப்பாவுக்கு,

கோபம் இல்லை. உங்கள் கடிதத்தை மூன்றாக மடித்து, பிறகு நாலாக மடித்து, கடைசியில் பிரித்தே வைத்துவிட்டேன்.

நீங்கள் சொன்ன பெயர்களை முல்லையிடம் போட்டுப் பார்த்தோம். செழியன் என்று அவள் வகுப்பில் ஒருவன் இருக்கிறானாம், கடிப்பானாம். அதியன் என்றால் அதிகப்பிரசங்கி மாதிரி இருக்கிறதாம். கபிலனுக்கு மட்டும் காரணம் சொல்லவில்லை, உதட்டைப் பிதுக்கினாள். “பாரிதான் வேணும். எதுக்கு வேணாங்கறீங்க, அதச் சொல்லுங்க” என்று என் பின்னாலேயே வீடு முழுக்க நடந்தாள்.

அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவரிடம் சொன்னேன். பெயர், பலகை, இழுப்பறை எல்லாவற்றையும் சொன்னேன். பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார்.

“அப்போ வேண்டாம். அது இவனோட அண்ணன் பேரு. அவனுக்கு வச்சத எடுத்து இவனுக்கு எப்படி வைக்கிறது?” என்றார்.

புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே, “இருந்தா இப்போ என்ன படிப்பான்?” என்று கேட்டார்.

“ரெண்டாங்கிளாஸ்” என்றேன். கணக்கே போடவில்லை, வாயில் வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும்போது நான் மனதுக்குள் அவனை அடுத்த வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்துக்கொண்டிருந்தேன் என்று. பிறகு அழுதேன். அவர் புட்டியைத் துடைத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது மாதிரி நான் அவனை மறக்கவில்லை. எறியச் சொன்னது அந்தப் பலகையைத்தான். வீட்டில் அது இருந்த இடத்தைத் தாண்டிப் போகவே என்னால் முடியவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க நினைத்தீர்கள், நான் பார்க்காமல் இருக்க நினைத்தேன். இதை அப்போதே ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போது கேட்டுப் பயனில்லை.

வளவன் என்று வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நல்ல பெயர்தான். அடுத்த வாரம் பதிவு செய்யப் போகிறோம். முல்லை என்னோடு பேசுவதில்லை, அது சரியாகிவிடும். பாரி உங்களிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
முல்லையின் அம்மா


ஜூன் 14

முல்லையின் அம்மாவுக்கு, பாரியின் அம்மாவுக்கு,

தபால்காரியிடம் இந்த முறை கவரோடு ஒரு பொட்டலமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கனமாக இருக்கும், கீழே போட்டுவிடாமல் வாங்கு.

பதிவு அலுவலகத்துக்கு இன்னும் போகவில்லை என்றால் வளவன் வேண்டாம். பாரி என்றே வையுங்கள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் மிஷினைப் போடவில்லை. இத்தனை வருஷத்தில் என் பையன் என்ன படிப்பான் என்று ஒரே ஒரு மனிதர் கேட்டிருக்கிறார். அவர் அவனைப் பார்த்ததும் இல்லை, எனக்குச் சொந்தமும் இல்லை. இந்த மருந்துக்கடைக்காரரைக் கேலி செய்ய நான் எவ்வளவு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன், எல்லாம் வீணாய்ப் போயிற்று. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

நீயும் அவனை வகுப்பு வகுப்பாக ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாய். நான் ஒருவன்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்து அந்தப் பெயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். தேரையே இறங்கிக் கொடுத்தவனின் பெயரை இழுப்பறையில் போட்டுப் பூட்டிய ஆள் நானாகத்தான் இருப்பேன். உங்கள் வீட்டில் யாராவது தினமும் பாரி, பால் குடி, பாரி, செருப்பைக் கழற்று என்று கத்தட்டும். முல்லை அந்தப் பெயரைச் சொல்லிச் சண்டை போடட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவளுக்கு முன்னாலேயே ஒரு தம்பி இருந்தான் என்று அவளிடம் சொல்ல வேண்டும். வரும் சனிக்கிழமை அவளைக் கொண்டுவிட நீயே வா. இருவரும் சேர்ந்து சொல்வோம். சண்டை போட மாட்டேன்.

பொட்டலத்தில் இருப்பது பழைய பலகை இல்லை. அதைத்தான் கொடுக்கலாம் என்று எடுத்துப் பாலிஷ் போட்டேன். கறுப்பெல்லாம் போய்ப் பளிச்சென்று வந்தது. ஆனால் அது அவனுடையது. அதனால் அதே அச்சில் சின்னவனுக்குப் புதிதாக வெட்டினேன். முல்லையின் பலகைக்குக் கீழே மாட்டினால் இரண்டும் ஒரே கை வேலை என்று தெரியும். ஆணியும் உள்ளேயே இருக்கிறது, சுவரை உடைத்துவிடாமல் அடிக்கச் சொல்.

பழையதைப் பட்டறையில் என் மேஜைக்கு மேலே மாட்டிவிட்டேன். வருகிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படும். இன்று காலையிலேயே ஒருவர், “யாருங்க பாரி?” என்று கேட்டார்.

“என் பையன்” என்றேன்.

இப்படிக்கு,
முல்லைக்கும் பெரிய பாரிக்கும் அப்பா