என் அறைக்கும் போட்ட தடை

நெடுந்தீவு

அன்புள்ள தங்கச்சி மீனலோசனிக்கு,

உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் சுகம்.

நான் மேற்பார்வை செய்யும் இந்த விடுதியில் சென்ற வாரம் புதிய தொலைபேசி இணைப்புப் பெட்டி வைத்தார்கள். எட்டு அறைக்கும் எட்டு இலக்கம். பொருத்த வந்த ஜெயரூபன், "அம்மா, ஆராரை வெளியாலை கதைக்க விடுறது?" என்று கேட்டான்.

"முதலாளியைத் தவிர ஒருத்தரையும் வேண்டாம்."

"உங்கடை அறைக்கும் தடை போடட்டோ?"

"ஓம், போடும். ஒழுங்கு எல்லாருக்கும் ஒண்டுதான்."

சிரித்தபடி பொத்தான்களை அமத்திவிட்டு, அடுத்த படகில் போய்விட்டான். மாலையில் சரவணையில் இருக்கும் உனக்கு எடுத்தபோதுதான் விளங்கியது. வெறும் இரைச்சல். கைத்தொலைபேசி வேண்டாம் என்று உன்னிடம் மறுத்தவளும் நான்தான். தடையை எடுக்கச் சொல்லி முதலாளியிடம் போய் நிற்க என்னால் ஏலாது. உன் அத்தான் போனபின் நான் ஒருவரிடமும் எதுவும் கேட்டதில்லை.

வெளியிலிருந்து வரும் அழைப்பு எனக்குக் கிடைக்கும். விடுதி இலக்கத்துக்கு எடுத்து, பிறகு என் அறை இலக்கம் 17ஐ அமத்து. மணி சரியாக அடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஞாயிறு நாலு மணிக்கு எடு. மூன்று மணியிலிருந்து அறையில் இருப்பேன்.

கடிதம் கொண்டுபோகும் படகு வெளிக்கிடுகிறது, நிறுத்துகிறேன். சோதனைக்கு ஒருமுறை போதாது. அடுத்த ஞாயிறும் எடுத்துப் பார்.

அக்கா