அச்சியா கொடுத்த ஆடு

அக்ரா,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அச்சியாவுக்கு,

உன் வீட்டுக்காரன் யாவ் எழுதுகிறேன். நீயும் பிள்ளைகளும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். என் போனை நீ எடுப்பதில்லை. அது நியாயம்தான். அதனால் இதை உன் ஊருக்கு வருகிற சுன்யானி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

நான் அக்ராவுக்குச் சரக்கெடுக்க வரவில்லை. பதினைந்து நாளைக்கு முன்னால் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். எதற்கென்று உனக்குத் தெரியும். உறவில் உனக்கு மட்டும்தான் தெரியும்.

மாத்திரை, ஊசி, சந்தையில் விற்கிற கசப்புச் சாராயம் எதற்கும் கேட்காமல் போன பிறகு டாக்டர் இந்த வழியைச் சொன்னார். உள்ளே இரண்டு குழாய், விதைப்பையில் ஒரு குட்டிப் பம்பு, அடிவயிற்றில் ஒரு தண்ணீர்ப் பை. அமுக்கினால் தண்ணீர் குழாய்க்கு ஏறி விறைக்கும், திறந்துவிட்டால் இறங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் போர்வெல் பம்பு விற்றவனுக்கு இந்த வைத்தியம்! பக்கத்தில் இருந்திருந்தால் நீ சிரித்திருப்பாய்.

ஒரு வியாபாரி கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். பத்துப் பதினைந்து வருஷம் ஓடுமாம், பிறகு மாற்ற வேண்டி வரலாமாம். பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், ஆனால் தானாக எழும்புகிற பழைய சக்தி இனித் திரும்பாதாம். கொஞ்சம் குட்டையாகத் தெரியலாம் என்றும் மறைக்காமல் சொன்னார். சர்க்கரைக்காரனுக்குச் சீழ் பிடிக்கிற ஆபத்து அதிகம் என்று மூன்று மாதம் என் வாயைக் கட்டவைத்த பிறகுதான் கத்தியை எடுத்தார். முதல் வாரம் பப்பாளிப் பழம் மாதிரி வீங்கி, வாத்து நடை நடந்தேன். இப்போது பரவாயில்லை. ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. மற்றதும் கூடாது.

டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "இது விறைப்பு மட்டும்தான் கொடுக்கும் ஐயா. ஆசையும் பிரியமும் இதுக்குள்ள இல்ல, அது உங்க ரெண்டு பேர் பாடு. வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அவங்களும் கேட்கட்டும்." நீ கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்தேன். அங்கிருந்த நர்ஸம்மாவுக்கு வாய் நீளம். "போன தடவையும் கடைதான் சொன்னீங்க. அந்தக் கடைக்கு லீவே கிடையாதா?" என்றாள். 

ரிப்பேர் செய்துகொண்டு வீடு திரும்பினால் வழக்கு தானாக முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இதையும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். மல்லாந்து கிடந்தபோதுதான் புரிந்தது, நீ உன் அம்மா வீட்டுக்குப் போனது படுக்கைக்காக இல்லை என்று.

போன வருஷம் குமாசியில் என் தாய்மாமன் வீட்டுப் பஞ்சாயத்து. ஏன் தனி அறையில் படுக்கிறாய் என்று பெரியவர்கள் என்னைக் கேட்டார்கள். "அவ என்னைக் கிட்ட சேர்க்கிறதில்ல" என்றேன். என் பெரியம்மா விடுவாளா? "ஏன்டி, பாய் விரிக்க மகாராணிக்கு முதுகு வளையாதோ?" என்றாள். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு வார்த்தையில் என்னைச் சாய்த்திருக்கலாம் நீ. என்னைப் பார்த்தாய், "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய். குற்றம் உன் மேல் விழுந்தது. அபராதமாகக் கொடுக்க வேண்டிய சமாதான ஆட்டை நீயே கயிறு பிடித்துக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினாய்.

அந்தக் கறியில் நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன், அச்சியா.

வருகிற சனிக்கிழமை உன் மாமா, உன்னைப் பெண் கேட்டு நான் கொடுத்த கல்யாணச் சாராயப் புட்டிகளைத் திருப்பிக் கொடுக்க என் தாய்மாமன் வீட்டுக்கு வருகிறார். என் மாமா கை நீட்டி வாங்கிவிட்டால் நமக்குள் எல்லாம் அறுந்தது. நான் வெள்ளிக்கிழமையே குமாசிக்குப் போய்விடுவேன். என் மாமா புட்டியைத் தொடுமுன் எழுந்து, பெரியம்மா உட்பட எல்லோர் காதிலும் விழச் சொல்வேன்: குறை என் உடம்பில், பொய் என் வாயில், அவள் ஒரு நாளும் கதவைச் சாத்தவில்லை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அதன் பிறகு புட்டி கை மாறுவதா வேண்டாமா என்பது உன் சொல். உடம்பைச் சரி செய்துகொண்டேன், அதனால் வா என்று கேட்கிற முகம் எனக்கு இல்லை.

ஓர் ஆடும் வரும். கயிற்றை இழுத்தால் என் தையல் தாங்காது, என் வண்டி டிரைவர் பிடித்து வருவான். அது நான் உனக்குக் கொடுத்திருக்க வேண்டிய ஆடு. என்னை ஏற்காவிட்டாலும் அதை ஏற்றுக்கொள்.

கடவுள் உன்னை எந்தக் கூடத்திலும் தலை நிமிர்ந்து உட்காரவைக்கட்டும். சனிக்கிழமை நீ நேரில் வர வேண்டிய கட்டாயமில்லை, மாமா வந்தால் போதும் என்கிறார்கள். வா, அச்சியா. அன்று பொய்யைக் கேட்டவள் நீ. இதையும் உன் காதால் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் யாவ் பொன்சு.