வெள்ளிக்கிழமை முறை

பேரிகை,
13-3-1954

தெய்வத்துக்குச் சமானமான என் வீட்டுக்காரர் அவர்களுக்கு மங்கம்மா நமஸ்காரம் செய்து எழுதுவது.

நேற்று வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் நம் கிணற்றடியில் இருந்தவர்கள்: நான், உங்கள் தம்பி திம்மப்பன், அவர் பெண்சாதி கெம்பம்மா, கணக்குப்பிள்ளை வெங்கடசாமி. தண்ணீர் இறைக்கும் கவலையில் பூட்டிய மாடுகள் இரண்டு. ஓட்டுகிற ஆள் இல்லை. கீழே சொல்வதற்கு இவர்களைத் தவிர சாட்சி கிடையாது.

கோர்ட்டு விஷயம் உங்களுக்கு எட்டியதோ என்னவோ. நீங்கள் கோலார் தங்கவயலுக்குப் போய் மூன்று வருஷம். கடிதம் நின்று ஒன்றரை வருஷம். ஐப்பசியில் உங்களைத் தேடிப் போன தம்பி தலையை மழித்துக்கொண்டு திரும்பினார். விஷச் சுரத்தில் நீங்கள் போய்விட்டீர்களாம், அவரே கொள்ளி வைத்தாராம். சாம்பல் இல்லை, உங்கள் துண்டுகூடக் கொண்டுவரவில்லை. தாலியைக் கழற்ற மாட்டேன் என்றேன். அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்தார், அவர் நிலமும் வெள்ளிக்கிழமைத் தண்ணீர் முறையும் எனக்கே என்று தையில் கிருஷ்ணகிரியில் வழக்குப் போட்டுவிட்டார்.

முறை விட்டுப்போகாமல் பாய்கிறது என்று ருசு இருந்தால் வழக்கில் நிற்கலாம் என்கிறார் நம் வக்கீல். அதைப் பார்த்து எழுதத்தான் கணக்குப்பிள்ளை வந்தார். கவலை ஓட்டும் முனிவேலைத் தம்பி மிரட்டி நிறுத்திவிட்டார்.

“ஆளில்லாத முறைங்க. எழுதிக்கிட்டு வாங்க, வெயிலு ஏறுது” என்று தம்பி கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். அப்படியானால் அம்மன் பேரில் சத்தியம் பண்ணுங்கள் என்றேன். “அதுக்கென்ன அண்ணி” என்று உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, “எங்கண்ணனுக்கு நாந்தான் நெருப்பு வெச்சேன்” என்று சொல்லிக் கையை மூடி அணைத்தார்.

அணைந்ததும், சரிவில் நின்ற மாடுகள் பின்னுக்கு நடந்து மேடேறின. தண்ணீர் மொள்ளும் தோல்பறி கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்ப இறங்கும்போது, வடக்கயிற்றில், மாடு ஓட்டும்போது நீங்கள் ஏறி உட்காருகிற இடம் தாழ்ந்தது. ஆள் பாரம் ஏறினால் தாழுமே, அப்படி.

“பழகின தடம்மா, தானா போகுது” என்றார் கணக்குப்பிள்ளை. சொன்னவர் எழுந்து நின்றுகொண்டார்.

பாதியில் மாடுகள் புங்கமரத்தடியில் நின்றன, நீங்கள் வெற்றிலை போட நிறுத்துவீர்களே, அங்கே. அப்போது கெம்பம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வழிவிட்டு ஒதுங்கினாள். உங்களுக்குத் தவிர அவள் யாருக்கும் அப்படி ஒதுங்கியதில்லை. “யாருக்குடி ஒதுங்கறே?” என்று தம்பி கத்தினார். அவள் முந்தானையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் மூடிய கையை இன்னும் திறக்கவில்லை.

கத்தரிப் பாத்தி நிறைந்த பிறகுதான் மாடுகள் நின்றன. கணக்குப்பிள்ளை ‘நீர் பாய்ந்தது’ என்று எழுதினார். ஓட்டியவர் பேருக்கு இடம் விட்டிருக்கிறார். “வாய்தாவுக்குள்ள ஒரு பேரைச் சொல்லும்மா. வெறுமையா விட்டா முறை போயிடும்” என்றார். வீட்டுக் கணக்கில் கண்ணால் காணாததை நான் எழுதியதில்லை. கண்டதை எழுத இப்போது கை வரவில்லை. உங்கள் பேரைச் சொன்னால் அது சத்தியமா, பொய்யா, எனக்குத் தெரியவில்லை.

செவலைப்பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. கூரைக்கு ஓலை மாற்றியாயிற்று.

சாயங்காலம் கெம்பம்மா வேலியோரம் வந்தாள். முக்காடு எடுக்கவில்லை. “அக்கா, பாவாவுக்கு சோறு வெச்சியா?” என்று மெதுவாகக் கேட்டாள். உங்களை அவள் அப்படித்தானே கூப்பிடுவாள்; நீங்கள் போனபின் பாவா என்ற பேச்சே அவள் வாயில் வந்ததில்லை. உள்ளே போய்க் களி கிண்டிக் கீரை கடைந்தேன். இருக்கிறவருக்குத் தட்டு, இல்லாதவருக்கு இலை. இரண்டையும் எதிரில் வைத்துக்கொண்டு, எதிலும் பரிமாறாமல் உட்கார்ந்திருந்தேன். களி ஆறிப்போயிற்று.

வருகிற வெள்ளிக்கிழமையும் மாட்டைப் பூட்டி வைப்பேன். எங்கே இருந்தாலும் அம்மன் உங்களைக் காப்பாள். தங்கவயலில் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். அங்கே இல்லையென்றாலும் எப்படியாவது தெரிவியுங்கள், நான் பயப்பட மாட்டேன். தட்டா, இலையா என்று மட்டும் சொன்னால் போதும்.

பதில் சீக்கிரம் போடவும்.

தங்கள் பாதம் பணியும்
மங்கம்மா