ஹ்வாங் வீட்டு மருமகள்

1999 மார்ச் 3, புதன்

சியோலில் ஜப்பான் தூதரகத்தின் முன், எங்கள் சங்கத்தின் புதன்கிழமைப் போராட்டத்துக்கு வழக்கம்போல் நின்றோம். சன்னல்கள் வழக்கம்போல் மூடியிருந்தன. மழை வேறு. யோங்ஜா அம்மாவுக்குக் கொடுத்த மஞ்சள் சட்டை மிகப் பெரிது. "இதுக்குள்ள இன்னொருத்தியும் நிக்கலாம்" என்றார். காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம், "சாப்பிட்டியாப்பா?" என்று விசாரித்தார். அவர் பேசக்கூடாதாம். தலையை மட்டும் ஆட்டினார்.

மார்ச் 5

வக்கீல் மின்ஹீ சொல்கிறாள்: ஜப்பான் அரசு மீது டோக்கியோவில் நடக்கும் வழக்கில் யோங்ஜா அம்மா சேர வேண்டுமானால் சொந்தப் பெயரில்தான் சேர முடியும். பதினாறு வயதில் ஆலை வேலை என்று சொல்லி ஜப்பான் ராணுவ விடுதிக்குக் கொண்டுபோய்ச் சிப்பாய்களுக்கு இரையாக்கினார்கள். போர் முடிந்து திரும்பியவர் வெட்கப்பட்டு ஊருக்கே போகவில்லை. சியோலிலேயே யோங்ஜா என்ற பெயரில் வாழ்ந்துவிட்டார். சொந்தப் பெயர் யுன் மால்சுன். இவர்தான் அவர் என்று ஊர்க்காரர் ஒருவராவது உறுதி சொல்ல வேண்டும். மே மாதத்துக்குள்.

யோங்ஜா என்றே இருந்துவிட்டால் என்ன என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன்.

"யோங்ஜாவை யாரும் கொண்டுபோகல. மால்சுனைத்தான் கொண்டுபோனாங்க. அவதான் கேக்கணும்."

மார்ச் 20, சனி

அம்மாவின் ஊருக்குப் போனோம். அவர் வீடு இருந்த இடத்தில் உரக்கிடங்கு. உறவென்று யாரும் மிச்சமில்லை. கடைக்காரம்மாவிடம் யுன் மால்சுனைத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவளா? அவ செத்து, ஹ்வாங் வீட்டுக்கு மருமகளாப் போயிட்டாளே."

விஷயம் இதுதான். பெண் திரும்பவில்லை, செத்திருப்பாள் என்று பெற்றோர் முடிவு கட்டியிருக்கிறார்கள். கல்யாணமாகாத ஆவி குடும்பத்தைச் சும்மா விடாது என்ற பயம். காய்ச்சலில் செத்த ஹ்வாங் வீட்டு மூத்த பையனுக்கு அவள் ஆவியைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வைக்கோல் பொம்மைகளுக்கு மணக்கோலம், ஊருக்கே விருந்து.

அம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"மூத்தவனா? அந்த ஒல்லிப் பயலா?" பிறகு, "சாப்பாடு என்ன போட்டாங்க?"

நூடுல்ஸ் என்றாள் கடைக்காரம்மா.

மாப்பிள்ளையின் தம்பி சோக்தே இருக்கிறார். பேரிக்காய்த் தோட்டக்காரர். கதவைத் திறந்து அம்மாவைப் பார்த்ததும் அவர் கை தன் புருவத் தழும்புக்குப் போனது. சின்ன வயதில் அம்மா எறிந்த கல் பட்டதாம். அடையாளம் தெரிந்துவிட்டது, சந்தேகமே இல்லை. "எங்க அண்ணி செத்துப்போனவங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

மார்ச் 31

சோக்தே சங்க அலுவலகத்துக்கு போன் செய்தார். "வருஷா வருஷம் ரெண்டு பேருக்கும் படையல் வைக்கிறவன் நான். இவங்க உயிரோட வந்து நின்னா எங்க அண்ணன் மறுபடியும் பிரம்மச்சாரி ஆவியா அலையணுமா? அப்புறம் அந்த... அந்த விஷயம். வம்சத்துக்கே..."

வம்சமாம்! அந்தக் கொடுமையைச் செஞ்சவன் எவனாவது தன் வம்சத்தை நெனச்சு ஒரு வேளை பட்டினி கிடந்திருப்பானா? — நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"கொழுந்தனாரே, நான் என்ன விவாகரத்தா கேட்டேன்?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"உங்க அண்ணனுக்கு ஆட்சேபணை இருந்தா அவர் சொல்லட்டும். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நீங்க வராதீங்க."

வைத்துவிட்டார்.

ஏப்ரல் 21, புதன்

சோக்தேயிடமிருந்து தகவல் இல்லை. தூதரகச் சன்னலும் திறக்கவில்லை.

மே 6

வந்தார்! கோட்டு, டை, கையில் அரிசிப் பலகாரப் பெட்டி. மின்ஹீ கேள்விகளை ஆரம்பித்தாள்.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"அண்ணி."

"பேரு?"

"யுன் மால்சுன். கல்லெடுத்தா குறி தப்பாது."

"உயிரோட இருக்காங்கன்னு உறுதியா சொல்றீங்களா?" கேட்டே ஆக வேண்டிய கேள்வியாம்.

"மாடி ஏறி வந்து மூச்சு வாங்குறாங்க, பாருங்களேன்."

போகும்போது வாசலில் என்னிடம் சொன்னார்: "அண்ணன் சமாதிக்குப் போய்க் கேட்டேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அவர் ஒண்ணும் சொல்லல. ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கிட்டேன்."

அம்மா பலகாரத்தை எங்களுக்குக் கொடுக்கவில்லை. தன் பையில் வைத்துக்கொண்டார்.

அக்டோபர் 16, சனி

எதிர்த்தரப்பு மறுபடி வாய்தா வாங்கியிருக்கிறது. மனுவில் முதல் பெயர் யுன் மால்சுன்.

இன்று ஹ்வாங் வீட்டில் படையல். என்னையும் அழைத்திருந்தார்கள். வழக்கமாக இரண்டு கிண்ணம் சோறு வைத்து, இறந்தவர்கள் சாப்பிட இரண்டிலும் கரண்டி குத்துவார்களாம். இந்த வருஷம் மேசையில் ஒரு கிண்ணம்தான். அம்மாவே மது ஊற்றி வைத்து வணங்கினார். எழுந்திருக்கச் சோக்தே கை கொடுத்தார்.

பிறகு சோக்தேயின் மனைவி ஆவி பறக்கும் சோற்றுக் கிண்ணத்தை அம்மா முன் வைத்து, "சாப்பிடுங்க அக்கா" என்றாள்.

"இத்தனை வருஷமா என் சோத்தை யாரு சாப்பிட்டது?"

"நான்தான் அண்ணி" என்றார் சோக்தே.

"அதான் இந்த உடம்பு."

அம்மா கரண்டியை எடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.