வேலிக்கு அந்தப் பக்கத்துத் தக்காளி

அன்புள்ள ரலிட்சா,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று தோன்றிவிட்டது. நவம்பரில் உன்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டதிலிருந்து நான் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, நீ போன் செய்தபோதெல்லாம் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ நலமாக இருப்பதாக வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்துகொண்டேன். நானும் உயிரோடு இருப்பதாக அதே வேலி வழியாக உனக்குச் சேதி வந்திருக்கும். ஆகவே நலம் விசாரிக்கிற வேலை இரண்டு பேருக்குமே மிச்சம்.

முதலில் வானிலையைச் சொல்லிவிடுகிறேன், அதில் யாருக்கும் யார் மேலும் கோபம் வராது. இந்த வருஷம் வானம் எங்களை ஏமாற்றுவதையே தொழிலாக வைத்துக்கொண்டது. மார்ச்சிலேயே வெயில் வந்து பிளம் மரம் அவசரப்பட்டுப் பூத்துவிட்டது. உன் அம்மா செய்துவந்த மாதிரியே நானும் காலித் தயிர் டப்பாக்களில் மண் நிரப்பிச் சமையலறை ஜன்னலோரம் வைத்தேன், அவளுடைய ரோஜா நிறத் தக்காளி விதை முழுவதையும் அதில் விதைத்தேன். அவள் விதையைச் செய்தித்தாளில் ஒட்டிக் காயவைத்திருப்பாளே, தாளோடு கிழித்து அப்படியே புதைத்தேன். மிச்சம் வைக்கத் தோன்றவில்லை, நீ ஒரு பங்கு கொண்டுபோயிருக்கிறாய் என்ற தைரியம்தான். எல்லாம் நன்றாக முளைத்து வந்தது. ஏப்ரல் கடைசியில் நாற்றுகளை வெளியே கொண்டுவந்தபோது பக்கத்து வீட்டுச் சோன்கா வேலியில் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டு, "என்ன எஞ்சினியரே, இப்பவே நடப் போறீங்களா? மே மாசம் கெயோர்கி திருநாள் வரட்டுமே. நெவேனா இருந்திருந்தா உங்க கையில மண்வெட்டியத் தந்திருக்குமா?" என்று உன் அம்மாவையும் இழுத்துக் கேட்டாள். அவள் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டாள், அதனால் அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் நட்டு முடித்தேன். நீர்ப்பாசன அலுவலகத்தில் இத்தனை வருஷம் மழையையும் குளிரையும் அட்டவணை போட்டவனுக்கு ஆடு மேய்ப்பவர்களின் திருநாள் எதற்கு? அந்த வாரமே உறைபனி இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க வேகவைத்த கீரை மாதிரி கறுத்துக் கிடந்தது. ஒரு நாற்றுகூடத் தப்பவில்லை. சோன்கா அன்று வேலிப் பக்கம் வரவே இல்லை, அது எனக்கு அவள் வந்து பேசியதைவிட மோசமாக இருந்தது.

அவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இப்போது உனக்கு அவள்தான் நெருக்கம். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் நம் நாற்றுத் தட்டில் நாலைந்து குறையும். யார் எடுத்தது என்று ஊருக்கே தெரியும். வேலியை உயர்த்திக் கட்டுகிறேன் என்று நான் கத்துவேன், உன் அம்மா சிரிப்பாள். "திருடிக்கட்டும் விடுங்க. கேட்டு வாங்கினா வேர் பிடிக்காது, நாம குடுத்து சோன்கா நன்றின்னு சொல்லிட்டா அன்னைக்கே செடி வாடிடும். பின்ன அவ எப்படித்தான் எடுத்துப்பா?" என்பாள். வேண்டுமென்றே தட்டை வேலியோரம் வைத்துவிட்டு உள்ளே வந்து ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். திரைக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். படித்தவன் வீட்டில் இப்படி ஒரு மூடத்தனமா என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அடக்கத்தன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது ஜன்னலில் இருந்த அவளுடைய ஜெரேனியத்தில் ஒரு கிளை ஒடிக்கப்பட்டிருந்தது. பெட்டியை வெளியே தூக்குவதற்குள் ஒடித்திருக்கிறாள். அன்றோடு நான் சோன்காவுக்கு வணக்கம் சொல்வதையும் நிறுத்தினேன்.

நீ நாற்பதாம் நாளுக்கு வந்தாய். அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை, பனிமூட்டத்தில் விமானம் கிளம்பவில்லை, அதை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. கல்லறையில் வேகவைத்த கோதுமையும் ஒயினும் வைத்துவிட்டுத் திரும்பியதும் நீ என் கையைப் பிடித்து, "அப்பா, அம்மாவோட தக்காளி விதை கொஞ்சம் தர்றீங்களா? பால்கனியில போட்டுப் பாக்குறேன்" என்றாய். அந்த ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு நிறைந்தது. தாளைக் கத்தரித்து உன் கையில் கொடுத்தேன். நீ கட்டிப்பிடித்துக்கொண்டு "ரொம்ப நன்றிப்பா" என்றாய். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சோன்கா ஈரக் கையாலேயே சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தேன், அப்போது அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு சாப்பாட்டு மேஜையில், உன் மாமன் மின்சோவை வைத்துக்கொண்டு, "வீட்டை வித்துடுங்கப்பா. இவ்ளோ பெரிய தோட்டத்தை வெச்சிக்கிட்டுத் தனியா என்ன செய்வீங்க? தக்காளி எல்லாக் கடையிலயும்தான் கிடைக்குது" என்றாய். மின்சோ வாய் நிறைய ரொட்டியோடு, "குழந்தை சொல்றது நியாயந்தான் அத்தான்" என்றான். நம் கை டிராக்டரை இரவல் வாங்கிப் போய் இன்னும் திருப்பித் தராதவன் நியாயம் பேசினான். மதியம் விதையைக் கேட்டவள் மாலையில் மண்ணை விற்கச் சொன்னாய், ரலிட்சா. அதனால்தான் பேருந்து நிலையம்வரை ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

ஜூனில் ஆலங்கட்டி மழை. கொட்டகைக் கூரையில் ஓடுகள் போயின, திராட்சைப் பந்தல் கிழிந்த சல்லடை மாதிரி ஆனது. அதைவிட, வாசல் கதவில் ஒட்டியிருந்த உன் அம்மாவின் ஆறு மாத நினைவு அறிவிப்பு நனைந்து பாதி கிழிந்துபோனது. படத்தில் நெற்றியும் ஒரு கண்ணும்தான் மிஞ்சின. அதைக் கிழித்துப் போடவும் மனசில்லை, அப்படியே விடவும் மனசில்லை, சோன்காவின் கோழிகள் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும். கடைசியில் ஒரு நாள் காற்றே முடித்துவைத்தது. புது அறிவிப்பு அடிக்கக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரன் அடியில் என்ன போடட்டும், வழக்கம்போல "துயரில் ஆழ்ந்த குடும்பத்தார்" என்று போடட்டுமா என்று கேட்டான். குடும்பத்தார் என்றால் யார் யார் என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். அவன் என்ன நினைத்தானோ, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இந்த வீட்டில் தக்காளி இல்லாத கோடை இதுதான் முதல் முறை. ஜூலையில் சந்தைக்குப் போய் வாங்கிவந்தேன். வெட்டினேன், உப்புப் போட்டேன், வெள்ளைப் பாலாடைக் கட்டி துருவினேன், மேஜையில் வைத்த பிறகுதான் இரண்டு தட்டு எடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. பழக்கம்தான், வேறொன்றுமில்லை. அந்தத் தக்காளி நனைத்த அட்டை மாதிரி இருந்தது, முழுவதையும் கோழிகளுக்கு வேலிமேலாக வீசினேன். சோன்கா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு அன்றைக்குத்தான் வாய் திறந்தது. "எஞ்சினியரே, நீங்க என்னோட பேச வேணாம், கேட்டுக்கிட்டா போதும். உங்க பொண்ணு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எனக்குத்தான் போன் பண்ணுது. குளிர்காலம் பூரா உங்க புகைபோக்கியில புகை வருதான்னு கேட்டுச்சு. இப்ப வெயில் காலம், புகை ஏது, அதனால துணி காயுதான்னு கேக்குது. நானும் தினம் உங்க கொடியில தொங்குற பனியனை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். நான் திரும்பி நடந்தேன். அவள் விடவில்லை. "அது கொண்டுபோன விதை ஒண்ணுகூட முளைக்கலையாம். போன்ல அழுதுச்சு. எப்படி முளைக்கும்? நீங்க கையில குடுத்தீங்க, அது நன்றி சொல்லுச்சு. நெவேனா ஊட்டி வளத்த பொண்ணு, இதுகூடவா மறந்துபோச்சு?" என்று என் முதுகைப் பார்த்துக் கத்தினாள்.

விதை முளைக்காததற்குக் காரணம் உண்டு. உங்கள் ஊரில் எப்போதும் மழை, வெளிச்சம் போதாது, நீயும் பயத்தில் தண்ணீரை அதிகமாக ஊற்றியிருப்பாய், அழுகியிருக்கும். இதை நான் உனக்கு விளக்க முடியும். ஆனால் நீ அழுதாய் என்று அவள் சொன்னதற்குப் பிறகு எனக்கு எந்த விளக்கமும் உதவவில்லை. நாம் இரண்டு பேருமாகச் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பக்கம், உன் அம்மாவின் தக்காளியை முடித்துவிட்டோம் என்று தோன்றியது. அன்று முழுக்க நான் தோட்டத்துப் பக்கமே போகவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் பந்தலைக் கட்டிக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் கண் போனது. சோன்கா சோம்பேறித்தனத்தால் எப்போதும் தாமதமாக நடுகிறவள், அதனால் உறைபனியில் தப்பியிருக்கிறாள், அறிவால் அல்ல. அவளுடைய செடிகளில் பழம் தொங்கியது. ரோஜா நிறம், தோளில் அந்தப் பச்சைக் கறை, நடுவில் குழந்தையின் தொடை மாதிரி மடிப்பு. எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் நம் தட்டில் திருடிக்கொண்டு போனவை அங்கே வளர்ந்து, விதையாகி, மறுபடி வளர்ந்து நிற்கின்றன. நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். கேட்டால் கொடுப்பாள். ஆனால் அவளிடம் கேட்க என்னால் முடியாது, அதோடு கேட்டு வாங்கினால் என்ன ஆகும் என்று உன் அம்மாவின் குரல் வேறு.

மறுநாள் உச்சி வெயிலில், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிற நேரத்தில், ஐம்பத்தாறு வயதில், பட்டம் வாங்கியவன், வேலியில் காலைத் தூக்கிப் போட்டேன். கால்சட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. ஒரு பழத்தைப் பறித்துத் தலையைத் தூக்கினால், சோன்கா திராட்சை நிழலில் முக்காலியில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறாள். என்னை நேராகப் பார்த்தாள். பிறகு மெல்ல, கழுத்து வலிக்கிறவள் மாதிரி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் திரும்பி வேலியைத் தாண்டும்வரை அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தெருவுக்கே கேட்கும்படி கோழிகளைத் திட்டினாள்: "எவனோ திருடன் வந்துட்டுப் போயிருக்கான், நீங்க என்னடி பண்ணிட்டிருந்தீங்க? போகட்டும், கால்சட்டை கிழிஞ்ச திருடன், பாவம், அவனுக்காவது நல்லா முளைக்கட்டும்!" ஜன்னலோரம் நின்று கேட்டேன். திரையை இழுத்துவிட்டேன். நெவேனா நின்ற அதே இடம்தான் அது, அவள் சிரித்த இடத்தில் நின்று என்னால் சிரிக்க முடியவில்லை.

பழத்தை அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வெட்டினேன். அதே ருசி, உனக்குத் தெரியும். உப்புக்கூடப் போடவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். விதையைப் பிழிந்து, ஊறவைத்து, அலசி, செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்தேன். தாளில் பாதி இந்த உறைக்குள் இருக்கிறது.

மற்ற விஷயங்கள். ஓடு மாற்றியாகிவிட்டது. முழங்கால் பரவாயில்லை. மின்சோ டிராக்டரைக் கொண்டுவரவில்லை, கொண்டுவந்தாலும் அவனோடு பேசப்போவதில்லை. வீட்டை விற்பதைப் பற்றி அடுத்த கோடைவரை என்னிடம் கேட்காதே, அதற்குப் பிறகு கேள், பதில் சொல்கிறேன் என்று உறுதி தரவில்லை. நீ அன்று சொன்னதை நான் மன்னித்துவிட்டதாகவும் நினைத்துக்கொள்ளாதே. அக்டோபரில் ஆண்டு நினைவு, கோதுமை வேகவைக்க எனக்குப் பதம் தெரியாது, சோன்காவிடம் நீதான் சொல்ல வேண்டும். வந்தால் நல்லது. பனிமூட்டம் இருந்தால் பேருந்தில் வா. ஞாயிற்றுக்கிழமை போனை இனி இங்கேயே செய், எடுக்கப் பார்க்கிறேன், அவளை என் பனியனை எண்ண வைக்காதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், மகளே. உன் பால்கனியில் வெயில் விழட்டும், உன் கை தொட்டது தழைக்கட்டும். விதையை மார்ச்சில் தாளோடு புதை, தண்ணீரைத் தெளி, ஊற்றாதே, குளிர் முழுக்கப் போகும்வரை வெளியே வைக்காதே. முக்கியமாக, இதற்கு நன்றி சொல்லாதே, போனிலும் வேண்டாம், எழுத்திலும் வேண்டாம்.

அடியில் பெயர் எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். பெயர் போட்டால் நான் கொடுத்ததாகிவிடும். உறையிலும் அனுப்புநர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். வேலியோரம் ஒரு தட்டு இருந்தது, நீ எடுத்துக்கொண்டாய், அவ்வளவுதான். இப்படியே, பெயரில்லாமலே, தபாலில் போடப் போகிறேன். நீ எடுக்கும்போது நான் பார்க்கவில்லை.