நெஹமாவின் பாதி

மான்டிவிடியோ
3 மார்ச் 1988

அன்புள்ள நெஹமா,

நலம். உன் நலம் கேட்கிறேன். பதினாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்; நீதான் புத்தாண்டு அட்டையில் பெயரை மட்டும் எழுதி அனுப்புகிறாய்.

நான் இப்போது நம் பழைய யூதப் பள்ளியிலேயே டீச்சர். படிப்பறையில் ஒரு சுவர்ச் சித்திரம் செய்கிறோம், இங்கே படித்த எல்லோரும் சேர்ந்து. எதிரெதிரே உட்கார்ந்து தொண்டை கிழியத் தோரா வேதம் படித்தோமே, அதேபோல ஜோடிக்கு ஒரு டைல். ஒருவர் ஒரு பாதியில் தன் கேள்வியை வரைய வேண்டும், மற்றவர் மறுபாதியில் பதிலை. கேட்பவள் நீ, திணறுபவள் நான். காகிதத்தில் வரைந்து அனுப்பினால் போதும், நான் டைலில் ஏற்றிவிடுவேன்.

ஓவிய வாத்தியார் ஃபவுஸ்தோ, "அவங்க அனுப்பலன்னா வேற ஜோடி பாத்துக்கோங்க டீச்சர்" என்கிறார். எனக்கு வேறு ஜோடி ஏது?

உன்னைத் தேடும்,
பெர்லா

ஹைஃபா
11 ஏப்ரல் 1988

பெர்லாவுக்கு,

பெசாஹ் பண்டிகைக்கு வீட்டில் ரொட்டித் துணுக்குகூட இருக்கக் கூடாதென்று அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. என் மகள், "யாரும்மா பெர்லா? சொன்னதே இல்லையே" என்றாள். "கூடப் படிச்சவ" என்று மட்டும் சொன்னேன்.

என்னிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது. இஸ்ரேலுக்கு வர இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கப்பல் டிக்கெட் எடுத்தோம். ஏணியைத் தூக்கும்வரை மேல்தளத்தில் நின்று உன்னைத் தேடினேன். ஏன் வரவில்லை? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினாய். அந்த வாரம் உன் அம்மா ஒரு கல்யாணத்தில் ஆடியதாக என் அண்ணன் எழுதினான்.

இதைப் பள்ளிக்கூடச் சுவரில் வரைய முடியாது. வேறு யாரையாவது பார்த்துக்கொள்.

நெஹமா

மான்டிவிடியோ
6 ஜூன் 1988

என் நெஹமா,

வேறு யாரையும் பார்க்கவில்லை. உன் பாதியைச் சாயமில்லாமல் வெறும் மண்ணாகவே சூளையில் வைத்தேன். என் பாதியில் துறைமுகத்தை வரைந்தேன்.

அன்று நான் வந்தேன், நெஹமா. கிடங்குக்குப் பின்னால் பெட்டியோடு நின்றேன். நீ என்னைத் தேடுவதையும் பார்த்தேன். கால் நகரவில்லை. பயந்துவிட்டேன், வேறொன்றும் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கடிதத்தில் அம்மாவைப் படுக்கையில் போட்டேன்.

ஷவூவோத் பண்டிகைக்கு முன்னால் திறப்பு விழா நடந்தது. நம் டைல் வாசலுக்கு நேரெதிரே அமைந்துவிட்டது. எருசலேம் ஆலயம் இடிந்த துக்கத்துக்காக உன் அப்பா வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு முழம் சுவரைப் பூசாமல் விட்டிருந்தாரே, நம் மதகுரு ரபி உன் வெற்றுப் பாதியையும் அப்படி நினைத்துவிட்டார். "யாருக்குத் தோணுச்சு இது? நாங்கல்லாம் மறந்தே போயிட்டோம்" என்று கண் கலங்கினார். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பாலாடைக்கட்டி கேக்கை வாயில் அடைத்துக்கொண்டேன்.

இப்போது பிள்ளைகள் உள்ளே வரும்போதெல்லாம் அந்த வெற்று மண்ணை வேதச் சுருளைத் தொடுவதுபோலத் தொட்டு விரலை முத்தமிடுகிறார்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் நானும் தொடுகிறேன். நான் அழுவது எருசலேமுக்காக அல்ல.

பெர்லா