பூக்கடை எரிந்த வாரம்

7, சனி

காலையில் தூறல். மலை உச்சி தெரியவில்லை. சாம்பல் கரைவதற்குள் போக வேண்டுமென்று ஆறு மணிக்கே ஸ்டேஷன் ஜீப்பில் அடி அண்ணாமலை.

எரிந்தது பூக்கடை. கீற்றுக் கொட்டகை. நேற்று வெள்ளி, சாயங்காலம் ஏழரைக்கு. கடைக்காரி வசந்தா. நாற்பது வயதுக்குள். புருஷன் இறந்துவிட்டான், பிள்ளை இல்லை. புகார்: கொழுந்தன் ஏழுமலை கொளுத்திவிட்டான்.

கேட்டது, பார்த்தது:
- கடை இருக்கும் இடத்துக்காக இருவருக்கும் ரொம்ப நாள் தகராறு
- போன வாரம் தெருவில் நின்று "கொளுத்திட்டுப் போயிடுவேன்" என்று ஏழுமலை கத்தியது
- நேற்று கையில் கேனோடு ஓடியதை டீக்கடைக்காரர் பார்த்தது
- ஏழுமலையின் இரண்டு உள்ளங்கையிலும் தீக்காயம்

இதற்கு மேல் என்ன வேண்டும்? கைது. தீ வைத்த குற்றம், பிரிவு 326 (ஜி). பழைய சட்டத்து 436 தான் இன்னும் வாயில் வருகிறது. நிரூபித்தால் ஆயுள் வரைக்கும் போகும். மாஜிஸ்திரேட் முன் ஆஜர், கிளைச் சிறை. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு முன்னால் முடிந்ததே என்று இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குத் திருப்தி.

வேனில் ஏறும்போது ஏழுமலை சொன்னது ஒன்றுதான். "கேன்ல தண்ணிதான் இருந்துச்சி மேடம்." எல்லாரும் ஏதாவது சொல்வார்கள்.

மகளுக்கு போன். எடுக்கவில்லை. தோசை, பொடி.

8, ஞாயிறு

வெயில். யூனிஃபார்ம் துவைத்தேன். பக்கத்து அறை வெள்ளைக்காரம்மா மௌன விரதம். மொட்டை மாடியில் கை கூப்பினார், நானும் கூப்பினேன். இந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பேச்சு அதுதான்.

நாள் முழுக்க ஆட்களோடு பேசுகிறேன், எல்லாம் விசாரணை. சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க ஆளில்லை. வீட்டுக்காரர் போய் நாலு வருஷம். மகள் ஹாஸ்டலிலிருந்து மெசேஜ்: பரீட்சைம்மா, அப்புறம் பேசறேன்.

காஸ் புக் பண்ண வேண்டும்.

9, திங்கள்

தடய அறிவியல் அதிகாரி வந்தார். சின்னப் பெண், ஆனால் கெட்டி. நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முதலில் கூரையைப் பார்த்தார். வெளியிலிருந்து கொளுத்தினால் தெருப்பக்கம் தொங்கும் கீற்று நுனிதான் முதலில் போகுமாம். அது கருகவே இல்லை. உள்ளே, சாமி படத்துக்கு நேர் மேலே மட்டும் மூங்கில் கரியாகிப் பாதி மிச்சம். படத்துக்குக் கீழே பித்தளை விளக்கு கவிழ்ந்து கிடந்தது. மண்ணெண்ணெய் வாடை இல்லை. இருந்தாலும் மண்ணை டின்னில் அடைத்து எடுத்துக்கொண்டார்.

"எலி எரியற திரிய கூரைக்கு இழுத்திருக்கும் மேடம். அடிக்கடி பாக்கறதுதான்."

வெள்ளிக்கிழமை விளக்கு. ஊதி அணைக்கக் கூடாது, தானாக மலையேற வேண்டும். வசந்தா அப்படியே எரியவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு போயிருக்கிறாள். நானும் அப்படித்தான் அறையைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

ஏழுமலையின் கையைப் பற்றியும் கேட்டேன். எண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறவனுக்குப் புருவமும் முன்முடியும் பொசுங்கும். உள்ளங்கை வேகிறது என்றால், எரிகிற கீற்றைப் பிடுங்கிப் போட்டவனாம். இருபது வருஷ சர்வீஸ், எனக்கு இது தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

10, செவ்வாய்

புழுக்கம். வசந்தா வீட்டுக்குத் தனியாகப் போனேன். கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, சுவருக்கு அந்தப் பக்கம் ஏழுமலை வீடு. விளக்கைப் பற்றிக் கேட்டதும் பூ கட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"சாமி வெளக்கே என் கடைய எரிச்சிதுன்னு தெரிஞ்சா, சாமிக்குப் பூ எங்கிட்ட யாரு மேடம் வாங்குவாங்க? புருஷன முழுங்குனா, இப்ப சாமியும் வேணாம்னுட்டாருன்னு பேசுவாங்க."

ஏழுமலையை ரெண்டு நாளில் விட்டுவிடுவோம் என்று நினைத்தாளாம். எத்தனை வருஷம் உள்ளே போவான் என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் திட்டத்தான் போனேன். திட்ட வரவில்லை. ஊர் வாய்க்கு நானும் பயந்தவள்தான். வீட்டுக்காரர் இறந்த வருஷம் நான் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை.

மறைத்தால் அவன் உள்ளே கிடப்பான். அறிக்கையில் எழுதினால் ஊருக்கே தெரியும். எழுதிவிட்டேன்.

11, புதன்

பொய்ப் புகார் என்று வசந்தாமேல் கேஸ் போடலாமே என்றார் ஐயா. பயத்தில் சொன்னது, விட்டுவிடலாம் என்றேன். உங்க கேஸ், உங்க தலைவலி என்றார். ஜாமீனுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

சாயங்காலம் ஏழுமலை வெளியே வந்தான். சிறை வாசலில் காத்திருந்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். உள்ளங்கைக் கட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணிமேல கேஸ் போடாதீங்க. ஆனா அவங்க மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

12, வியாழன். பௌர்ணமி

கிரிவலப் பாதையில் பந்தோபஸ்து, அடி அண்ணாமலை பக்கம். மதியத்திலிருந்தே கூட்டம். கால் வீக்கம்.

வசந்தா ஒரு தார்ப்பாய் கட்டிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை இருந்த பக்கம் வீடு பூட்டியிருந்தது. பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரி, வருகிறவர்களுக்கெல்லாம் கருகிய மூங்கிலைக் காட்டிக் கதை சொல்கிறாள். சாமி விளக்காம், வெள்ளிக்கிழமையாம். பூவில் கை வைத்தவர்கள்கூடக் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

எல்லாரும் பார்க்கட்டும் என்று நடுவில் போய் நின்று நாலு முழம் மல்லி வாங்கினேன். வசந்தா அளந்து கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க இங்க நின்னா இன்னும் கிட்ட வரமாட்டாங்க மேடம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். பூவோடு, அரை மணி நேரம். யாரும் வரவில்லை.